மாஸ்டருடன் மடகாஸ்கர் காட்டில்

சாயப்பட்டறை டையிங் மாஸ்டர் சுப்பிரமணி வெளிநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டுச் செத்தார் என்று திருப்பூர் நல்லூர் டீக்கடைகளில் ஒரு பேச்சு இருக்கிறது. காட்டில் பாம்பு கடித்தது என்று இன்னொரு பேச்சு. யானை மிதித்தது என்றுகூடச் சொல்கிறார்கள். மடகாஸ்கரில் யானையே கிடையாது. அவரோடு போய்த் திரும்பி வந்தவன் நான். நடந்ததை நடந்தபடி நாள்வாரியாக எழுதித் தரும்படி மாஸ்டரின் மகள் நந்தினி கேட்டாள். மார்கழி முழுக்கத் தள்ளிப் போட்டேன். இப்போது தை முடியப் போகிறது. இதற்கு மேல் தள்ளினால் எது சனிக்கிழமை நடந்தது, எது ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்பது எனக்கே கலங்கிவிடும்.

நாங்கள் போனது வேலையாக. மடகாஸ்கரின் தலைநகரில் இருக்கும் ஒரு பனியன் கம்பெனி, திருப்பூரிலிருந்து பழைய நிட்டிங் மெஷின்களையும் ஒரு சாயப் பாத்திரத்தையும் வாங்கியிருந்தது. மெஷின்களை மாட்டிக் கொடுக்க, உதிரி பாகம் விற்கும் நான். பாத்திரத்தை ஓட்டிக் காட்ட மாஸ்டர். ஐப்பசிக் கடைசியில் போய் இறங்கினோம். பாதி வேலையில், எங்கள் ஊசிப் பெட்டி ஒன்று துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. அது வரும்வரை கை கட்டி உட்கார வேண்டியதுதான்.

அந்தக் கம்பெனியின் புரொடக்ஷன் மேனேஜர் காதர் மொய்தீன் திருப்பூர்க்காரர். பல வருடமாக அங்கேயே இருக்கிறார். அந்த ஊர் பாஷை சரளமாகப் பேசுவார். அவரிடம் நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜப்பான் வண்டி ஒன்று உண்டு. கூரையில் கூடாரம், தார்பாய், மண்வெட்டி. முன் பம்பரில், சேற்றில் மாட்டினால் வண்டியை இழுத்தெடுக்க இரும்புக் கயிறு சுற்றிய விஞ்ச்.

"லாட்ஜ் ரூமுல உக்காந்து செவுத்தப் பாக்கறதுக்கு, காட்டப் பாத்துட்டு வரலாம் வாங்க" என்றார் காதர். மாஸ்டர் அதுவரை கூடாரத்தில் படுத்தவரில்லை. குமரலிங்கத்துக்காரர், அமராவதித் தண்ணீர் பாயும் வயலில் பிறந்து, பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வந்து, அதன்பின் பார்த்த பச்சை எல்லாம் சாயப் பச்சைதான் என்று தானே சொல்லிக்கொள்வார். உடனே சம்மதித்துவிட்டார்.

தலைநகரிலிருந்து கடற்கரைக்கு இறங்கிய வழியை எழுதப் போவதில்லை. அது தார் ரோடு. கதை தார் முடிகிற இடத்தில் ஆரம்பிக்கிறது.

வியாழக்கிழமை காலை அங்கே இருந்தோம். வடகிழக்குக் கடலோரம். சாலையின் இரண்டு பக்கமும் பாய் விரித்துக் கிராம்பு காயப் போட்டிருந்தார்கள். மைல் கணக்கில் கிராம்பு. வண்டியின் கண்ணாடியை ஏற்றினாலும் வாசம் உள்ளே வந்தது. பல் வைத்தியரிடம் போகிற மாதிரி இருக்கிறது என்றார் மாஸ்டர். வண்டி ஓட்டியவர் காதரின் டிரைவர் ஹெரி, அந்த நாட்டுக்காரர். எங்கள் வயதுக்காரர், ஒடிசலான ஆள், அதிகம் பேசமாட்டார். காதர் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் சாலையைப் பார்த்தபடியே சிரித்தார்.

வழியில் காலை உணவுக்கு நிறுத்தினோம். குழிக்கல்லில் ஊற்றிச் சுட்ட அரிசி மாவுப் பலகாரம். நம் குழிப்பணியாரமேதான், கொஞ்சம் இனிப்பு. மாஸ்டர் ஒரு தட்டு முடித்து இன்னொன்று வாங்கினார். கடைக்கு எதிரே திமில் உள்ள மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். "திமிலு நம்ம காங்கேயத்து மாட்ட விட ஒசரமுங்க. காலு பத்தாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

அங்கே மூன்று வேளையும் சோறுதான். மத்தியானம் ஒரு ஓலைக் கடையில் சோறும் கீரையும் மீனும் சாப்பிட்டோம். சோறு வடித்த பானையில் அடிப்பிடித்த பருக்கையோடு தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொண்டு வந்து வைத்தார்கள். அந்த நாட்டில் வீடு, கடை, கல்யாணம், எங்கேயும் இதுதான் குடிநீர். ஹெரி இரண்டு டம்ளர் குடித்தார். நான் குடித்துப் பார்த்தேன். தீய்ந்த சோற்று வாசமும் லேசான கசப்பும். மோசமில்லை. மாஸ்டர் டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், நம்மூட்ல இத மாட்டுக்கு வெப்பாங்க."

"இங்க மனுசனுக்கு வெக்கறாங்க மாஸ்டர். குடிங்க, ஒண்ணும் பண்ணாது."

"கலரே செரியில்லீங்களே" என்று தள்ளி வைத்துவிட்டு, பாட்டில் தண்ணீர் வாங்கினார்.

ஆறுகளுக்குப் பாலமில்லை. இரும்புப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்த மிதவைகள் இருந்தன. வண்டி ஏறியதும் நாலைந்து பேர் நீண்ட மூங்கிலை ஊன்றித் தள்ளி அக்கரை சேர்த்தார்கள். அன்று இப்படிப் பல ஆறுகள். கடைசியாகக் கடந்தது எல்லாவற்றிலும் அகலமானது. அதன் தென்கரையில் ஒரு கிராமம்: தேவாலயம், தகரக் கூரை போட்ட சிறு ஆஸ்பத்திரி, பின்னால் ஒரு குன்று. ஆறு அப்போது அமைதியாக, கண்ணாடி மாதிரி கிடந்தது. மிதவைக்காரர்கள் பாட்டுப் பாடியபடி தள்ளினார்கள். வடகரையில் இறங்கி, அன்று ஒரு குடிசை விடுதியில் தங்கினோம்.

வெள்ளிக்கிழமை காட்டுக்குள் நுழைந்தோம். சாலை என்று சொன்னது செம்மண் சேற்றில் இரண்டு தடம். இரண்டு இடத்தில் மரத் துண்டுகளை அடுக்கிய பாலம். ஹெரி இறங்கிப் போய், ஒவ்வொரு துண்டையும் மிதித்துப் பார்த்துவிட்டு வந்து ஓட்டினார். ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்ற, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மாஸ்டர் கதவுப் பிடியை விடாமல் முருகனை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "சாய லாரி டிரைவருங்க எல்லாம் இந்தாளுகிட்ட வந்து படிக்கோணும்" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் ஓர் ஓடைக் கரையில் கூடாரம் போட்டோம். சுற்றிலும் மரம். மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் செடி. மேலே வானம் கிழிசல் கிழிசலாகத் தெரிந்தது. மாஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஆலிவ், பாட்டில் கிரீன், மெஹந்தி, பிஸ்தா என்று ஒவ்வொன்றாகக் கை காட்டிப் பேர் சொன்னார். "இத்தன பச்ச இருக்குது. ஒரு லாட்டுக்கு ஒரு லாட்டு மேட்ச் ஆகுலீங்க. சரக்கு வாங்கற பையரு பாத்தா அத்தனையும் ரிஜெக்ட்டு."

பிறகு ஓடைக்கு இறங்கினார். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைச் சொல்வது. சாயத் தொழிலில் இருக்கும் யாரும் அது இல்லாமல் வெளியே போவதில்லை. ஓடையில் முக்கிப் பார்த்தவர் எங்களைக் கூப்பிட்டார். எண் இருபதுக்குப் பக்கத்தில் நின்றது. எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் அது ஆயிரங்களில் ஓடும். பிறகு பையிலிருந்த லிட்மஸ் காகிதத்தை நனைத்துப் பார்த்தார். காரமுமில்லை, அமிலமுமில்லை. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம்போல் தெரிந்தது.

இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். முகத்தில் அடித்துக்கொண்டார். மறுபடியும் குடித்தார். "முப்பத்தஞ்சு வருசமா இப்பிடி ஒரு தண்ணியத் தேடிட்டு இருக்கறனுங்க" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஹெரி மேலேயிருந்து ஏதோ சொன்னார். காதர் மொழிபெயர்த்தார்: இது குடிக்கிற தண்ணீர் இல்லை. மேலே மலையில் பொன் சலிக்கிறவர்கள் குடிசை போட்டிருக்கிறார்கள். கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது.

"அவருகிட்டச் சொல்லுங்க பாய், இந்தத் தண்ணிக்கு லேப் ரிப்போர்ட்டே வேண்டாமுன்னு. மேல ஆளு இருந்தா மீட்டரு காட்டாமப் போயிருமா?"

காதரும் நானும் மீட்டரைப் பார்த்தோம். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. சாயக் கழிவு ஓடும் நொய்யல் கரையில் வாழ்கிறவர்களுக்குக் கெட்ட தண்ணீர் என்றால் நிறம் இருக்கும், நுரை இருக்கும், நாறும், நாக்கில் உறைக்கும். சிவப்பாகவோ நீலமாகவோ வந்து, நான் கெட்டது என்று அதுவே சொல்லும். நிறமும் வாசமும் ருசியும் இல்லாத ஒன்றைச் சந்தேகப்பட எங்களுக்குப் பழக்கமில்லை. ஹெரி திரும்பவும் ஒருமுறை சொன்னார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, தன் பானையில் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போய்விட்டார்.

நான் அந்த ஓடையில் ஒரு வாய் குடித்திருப்பேன். டீ இல்லாமல் எனக்கு எதுவும் இறங்காது. அங்கேயும் பாத்திரம் பாத்திரமாக டீதான். காதர் தன் பழக்கப்படி வண்டியில் இருந்த கேன் தண்ணீரைக் குடித்தார். மாஸ்டர் வெள்ளியும் சனியும் ஓடைத் தண்ணீர் மட்டுமே குடித்தார். கேனைத் திறக்கப் போனால், வீணாக்காதீர்கள் என்று தடுத்தார்.

சனிக்கிழமை விடியலில் காட்டுக்குள் சங்கு ஊதியது. கம்பெனிச் சங்கு மாதிரியே நீளமாக, இழுத்து, ஒன்று ஓய்ந்ததும் தூரத்தில் இன்னொன்று பதில் கொடுத்தது. கூடாரத்திலிருந்து தலையை நீட்டிய மாஸ்டர், "ஷிப்ட்டு மாறுதுங்கோ" என்றார். அது ஒரு வகைத் தேவாங்கு. ஆறு வயதுப் பிள்ளை உயரம், வாலே இல்லை. ஹெரி எங்களைக் கூட்டிப் போய்க் காட்டினார். மரத்தைக் கட்டிப் பிடித்தபடி எங்களைக் குனிந்து பார்த்தது. அதைக் கொல்வதும் கை நீட்டிச் சுட்டுவதும் தன் ஊரில் விலக்கு என்றார் ஹெரி. மாஸ்டர் நீட்டிய கையை உடனே மடக்கி, கும்பிட்டார்.

பகல் முழுக்க மழை. அட்டைகள் காலுறைக்குள் புகுந்தன. காதர் தார்பாய்க்குக் கீழே கருவாட்டுக் குழம்பு வைத்தார். சீட்டாடினோம். குடித்தோமா என்று கேட்பவர்களுக்கு: காதர் குடிக்க மாட்டார், எனக்குப் பழக்கமில்லை, மாஸ்டர் மகள் கல்யாணத்தன்று விட்டவர். வண்டியில் மதுவே இல்லை.

ஞாயிறு விடியும்போது மாஸ்டர் கூடாரத்தில் இல்லை. மரங்களுக்குப் பின்னாலிருந்து வந்தார். திரும்பவும் போனார். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பாயுடைய கருவாடு வேலையைக் காட்டுகிறது என்று அவரே சொன்னார். காலைச் சங்கு ஊதி முடிந்தபோது அவருக்கு வாந்தியும் ஆரம்பித்துவிட்டது. போனது அரிசி கழுவிய நீர் போல வெளுப்பாக இருந்தது. அடுத்த முறை அவரால் எழுந்து போக முடியவில்லை. எங்களை அருகில் விடவில்லை. "அக்கட்ட போங்க, அக்கட்ட போங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெட்கம்தான் அவருக்கு அப்போது நோயைவிடப் பெரிதாக இருந்தது.

எங்களிடம் இருந்தவை தலைவலி மாத்திரையும் தைலமும். மழை விட்டதும் கிளம்பலாம் என்றார் காதர். மாஸ்டரும் அதையே சொன்னார். தன்னால் யாருடைய பயணமும் கெட வேண்டாமாம். ஹெரி குனிந்து அவருடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிந்தபடியே நின்றது.

"முதலாளி, மழை விடுவதற்குள் இவர் போய்விடுவார்" என்றார் ஹெரி. "என் தங்கை இப்படித்தான் போனாள். இப்போதே கிளம்ப வேண்டும்." காதர் என்னைத் தனியே அழைத்துத்தான் இதைச் சொன்னார்.

நாங்கள் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கி, கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தோம். ஹெரி கத்தியை எடுத்துக் கயிறுகளை அறுத்து எறிந்தார். கூடாரம், பாத்திரம், சீட்டுக்கட்டு எல்லாம் அங்கேயே கிடந்தன. தன் பானையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பின் சீட்டில் மாஸ்டர் படுத்திருக்க, அவர் தலை என் மடியில். தண்ணீர் கொடுத்தால் வேண்டாமென்றார். உள்ளே போனால் இன்னும் போகும் என்பது அவர் கணக்கு. நம் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். ஹெரி பானையிலிருந்த சோற்றுத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு என் கையில் கொடுத்தார். டம்ளரை வாயில் வைத்ததும் மாஸ்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு திருப்பாமல் குடித்தார். பிறகு கேட்டு வாங்கினார். குடித்ததில் பாதி வெளியே வந்தது.

முதல் மரப்பாலத்தில் ஒரு துண்டை வெள்ளம் அடித்துப் போயிருந்தது. பின் சக்கரம் அந்த இடைவெளியில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. விஞ்ச் கயிற்றை ஒரு மரத்தில் கட்டி இழுத்தார்கள். மரம் வேரோடு சாய்ந்து வந்தது. தூரத்தில் இருந்த இன்னொன்றுக்குக் கயிறு எட்டவில்லை. காதரும் ஹெரியும் இடுப்பளவு நீரில் நின்று, கீழே கல்லைப் போட்டுப் போட்டு நிரப்பினார்கள். நான் இறங்கப் போனபோது மாஸ்டர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். கெண்டைக்கால் சதை முறுக்கி அவரை அடிக்கடி வளைத்தது. விரல் நுனிகள், நாள் முழுக்கச் சாயத் தொட்டியில் கை விட்டிருந்ததுபோல் ஊறிச் சுருங்கிவிட்டன. குரல் மட்டும் எங்கோ அடியில் இருந்து வந்தது.

"ஊட்ல இருந்து போன் வந்தா, நல்லாத்தான் இருக்கறாருன்னு சொல்லிப்போடுங்க. பயந்துக்குவா."

இங்கே போனே எடுக்காது என்று அவருக்கும் தெரியும். சரி என்றேன். கொஞ்சம் கழித்து, சாயப் பாத்திரத்தின் வால்வு ஒன்று கசிகிறது, மாற்றாமல் ஓட்ட வேண்டாம் என்று காதரிடம் சொல்லச் சொன்னார். அதற்கும் சரி என்றேன்.

ஒருவழியாக வண்டி மேலே ஏறியது. ஹெரி அதன்பின் எந்தப் பள்ளத்துக்கும் நிறுத்தவில்லை. பெரிய ஆற்றுக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

வியாழக்கிழமை கண்ணாடி மாதிரி கிடந்த ஆறு இப்போது செந்நீராக, வேரும் கிளையும் புரட்டிக்கொண்டு ஓடியது. மிதவை தென்கரையில் கட்டிக் கிடந்தது. ஹெரி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். மிதவைக்காரர்கள் அக்கரையில் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்கள். வண்டியை ஏற்றினால் மிதவை கடலுக்குத்தான் போகும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். நாளை பார்க்கலாமாம். எங்கள் வண்டியின் நான்கு சக்கரமும் அங்கே எதற்கும் உதவவில்லை.

ஹெரி கரையோரமாக ஓடிப் போய், குடைந்த மரத்தோணி ஒன்றையும் அதன் சொந்தக்காரரையும் கூட்டி வந்தார். தோணியில் நாலு பேருக்கு மேல் இடமில்லை. காதர் வண்டியோடு நின்றுவிட்டார். மாஸ்டரைத் தார்பாயில் சுற்றித் தோணியின் அடியில் கிடத்தினோம். தோணிக்காரர் துடுப்புப் போட, ஹெரி ஒரு எனாமல் கிண்ணத்தால் தண்ணீரை இறைக்க, நான் மாஸ்டரின் முகத்தை நீருக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். வெகுதூரம் அடித்துப் போய்த்தான் கரை கிடைத்தது.

அங்கிருந்து மாஸ்டரைக் கிராமத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தோம். நர்ஸ் தேவாலயத்தில் இருந்தார். மாலைப் பிரார்த்தனையிலிருந்து வெள்ளைத் தொப்பியோடு ஓடி வந்தார். ஐம்பது வயது அம்மாள். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மலையிலிருந்து பொன் சலிக்கிறவர்கள் சிலரை இதே நிலையில் அந்த மாதம் தூக்கி வந்திருந்தார்கள் என்று பின்னால் காதர் கேட்டுச் சொன்னார். என்ன நோய் என்று சோதித்துச் சொல்ல அங்கே வசதியில்லை. ரத்தக்குழாய் எல்லாம் உள்ளடங்கிப் போயிருந்தன. இரண்டு கையிலும் குத்திக் குத்தித் தேடி, கடைசியில் காலில் ஒன்று கிடைத்தது. பாட்டில் ஏறத் தொடங்கியது.

ஏற ஏற அவர் முகத்தில் ஆள் திரும்பி வந்தார். கண் திறந்து பார்த்து, சட்டை எங்கே என்று கேட்டார். "காதர் பாய் அக்கரையிலயா? பாவம், தனியா" என்றார். நானும் ஹெரியும் வெளியே வந்து படியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டோம். அன்று முழுக்க நாங்கள் சாப்பிட்டது அதுதான். இவர் பிழைத்துவிடுவார் என்று கையால் காட்டினார் ஹெரி. நான் நம்பினேன்.

திங்கட்கிழமை காலை பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. அவர் சிறுநீர் கழிக்கவில்லை என்பதையே நர்ஸ் திரும்பத் திரும்பச் சைகையால் காட்டிக்கொண்டிருந்தார். ஹெரி ஒரு மோட்டார் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு தெற்கே அடுத்த ஊருக்குப் பாட்டில் வாங்கப் போனார். அங்கேயும் நடுவில் ஓர் ஆறு இருந்தது. தோணி பிடித்துக் காதர் வந்து சேர்ந்தார். மாஸ்டர் அவரைப் பார்த்தார். மூச்சு ஆழமாக, வேகமாக வந்தது. தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்ததால் மூச்சு நின்றது எங்களுக்குக் கேட்கவில்லை. காதர் அவருடைய பாதத்தைத் தேய்த்துக்கொண்டேயிருந்தார். நர்ஸ் வந்து காதரின் கையைப் பிடித்து எடுத்தபோதுதான் தெரிந்தது. பாட்டில்களோடு ஹெரி மத்தியானத்துக்கு மேல் வந்தார்.

இப்படிப் போனவர்களை அன்றைக்கே மண்ணில் வைத்துவிட வேண்டும், வெளியே கொண்டு போகக்கூடாது, அதுதான் சட்டம் என்றார் நர்ஸ். காதர் வாதாடினார், கெஞ்சினார். அந்த அம்மாள் அழுதபடியே மறுத்தார். எங்கள் ஊரில் வடக்கத்திப் பையன்கள் அறையில் செத்துப் போனால், ஆம்புலன்ஸ் வைத்து ஒடிசாவுக்கும் பீகாருக்கும் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். கூடப் போகிற இரண்டு பேர் ஜன்னலோரம் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்காரக்கூட எங்களுக்கு வழியில்லை.

தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த குன்றின் உச்சியில் மட்டும் போன் எடுக்கும் என்றார்கள். காதரும் நானும் வழுக்கி வழுக்கி ஏறினோம். ஊரில் அப்போது மாலை. மாஸ்டரின் மனைவி சரசம்மா எடுத்தார். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது எனக்கு நினைவில் இல்லை. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி விழுந்த சத்தமும், போன் கை மாறிய சத்தமும் கேட்டன. வெகுநேரம் கழித்து அவரே திரும்பிப் பேசினார். கொண்டு வர முடியாது என்பதை இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது.

"கொண்டார முடியாதுன்னா நானென்ன பண்றதுங்க" என்றார். "மூஞ்சிய ஒருக்காப் பாக்கோணும். மண்ணு போடறதுக்கு முன்னால மூஞ்சிய மட்டும் காட்டிப்போடுங்க."

இடுகாடு ஆற்றோரத்துப் பள்ளத்தில் இருந்தது. அங்கே ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. இறங்கி வந்து, ஊர்ப் பெரியவரிடம் காதர் விஷயத்தைச் சொன்னார். உடம்பைக் குன்றின் மேல் கொண்டு போக முடியுமா என்று கேட்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது. மழைச் சேறு, நோய்ப் பயம், முன்பின் தெரியாத ஆள். பெரியவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"தன் ஆட்கள் பார்க்காமல் ஒருவரை மண்ணில் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. தூக்கிக்கொண்டு போவோம்."

நர்ஸ் கோபப்பட்டார். பிறகு, ப்ளீச்சிங் கரைத்த வாளியையும் கையுறைகளையும் எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். தோணிக்குப் பலகை அறுக்கிற கொட்டகையிலிருந்து பெட்டி வந்தது. வீட்டுக்கு ஒரு பெண்ணாக வந்து, ஆளுக்கொரு துணியைக் கொண்டு வந்து மேலே போர்த்திவிட்டுப் போனார்கள். ஆறு பேர் தூக்கினார்கள், ஹெரி ஒருவர். வழுக்கிய இடத்தில் முட்டி போட்டு ஏறினார்களே தவிர, பெட்டியைத் தரையில் வைக்கவில்லை.

உச்சியில் பலமுறை முயன்ற பிறகு படம் வந்தது. நந்தினி போனைப் பிடித்திருந்தாள். பின்னால் கூடம் நிறைய ஆட்கள், பக்கத்தில் சரசம்மா. காதர் கையுறை போட்டுக்கொண்டு மேல் பலகையை நகர்த்தினார். தூக்கியவர்கள் தோளில் பெட்டியோடு அப்படியே நின்றார்கள்; உயரம் தாழ்வதற்காக முன்னால் நின்ற இருவர் முட்டி போட்டார்கள். நான் போனை நீட்டிப் பிடித்தேன். படம் உறைந்தது, மறுபடியும் அசைந்தது. தூறல் ஆரம்பித்தது.

"ஏனுங்க" என்றார் சரசம்மா. "மழத்தண்ணி கண்ணுல நிக்குதுங்களே. தொடச்சு உடுங்க."

காதர் ஒரு துணியை எடுத்துத் துடைத்தார்.

"மறுக்கா நிக்குது பாருங்க."

மறுபடியும் துடைத்தார். தூறல் வலுத்தது. காதர் குனிந்தபடி துடைத்துக்கொண்டே இருந்தார். போன் அணையும்வரை சரசம்மா போதும் என்று சொல்லவில்லை.